அணுவைத் தட்டிப் பார்த்த அறிஞர்

தேங்காயைத் தட்டிப் பார்த்து அதன் முற்றலை அறிகிறோம். கண்ணுக்குப் புலனாகா அணுவையும் அவ்வாறே தட்டிப் பார்த்து அதன் உள்ளமைப்பை உணர்ந்தவர் எர்னஸ்ட் ரதர்போர்டு ஆவார்.

அவர் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நியூசிலாந்தில் நெல்சன் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்பவர். தாயார் பள்ளி ஆசிரியை. பன்னிரு மக்களுள் இவர் நான்காமவர். உபகாரச் சம்பளம் பெற்றே உயர்கல்வி பயின்றார். இங்கிலாந்து சென்று ஆராய்வதற்குரிய உதவித்தொகை முதலில் வேறொருவருக்கே அளிக்கப்பட்டது. அவர் அதனை ஏற்காமையால் அது ரதர்போர்டை வந்தடைந்தது. 1895இல் கேம்பிரிட்ஜை அடைந்தார்.

1898 முதல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பேராசிரியராயிருந்து, கதிரியக்கத்தால் ஒரு தனிமம் வேறொன்றாக மாறுவதைச் சாடி என்பாருடன் சேர்ந்து நிறுவினார். பௌதிக அறிஞராகிய அவருக்கு 1908இல் ரசாயனத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு பெற்றும் அவர் ஓயவில்லை. 1909இல் மான்செஸ்டரில், கைகர் என்பாரும், இன்னும் பட்டம் பெறாத இளைஞர் மார்ஸ்டனும் அவர் சொற்படி மெல்லிய உலோகத் தகடுகளின்மீது ஆல்பா துகள்களைச் செலுத்தினர். இருட்டறையில் அமர்ந்து, திரையில் தோன்றி மறையும் ஒளிப்புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினர். பெரும்பாலானவை தகட்டை ஊடுருவிச் சென்றன. ஏறக்குறைய 8,000த்தில் ஒன்று திரும்பி வந்தது. நாளெல்லாம் கணக்கெழுதும் நம்போன்றோர், பிழையென்று அதனைத் தள்ளியிருப்போம். அவரோ அந்த ஒன்றையே சிந்தித்தார். அணுவின் நிறையில் மிகப் பெரும்பகுதி நடுவே ஒரு நுண்ணிய கருவில் அடங்கியுள்ளது என்று 1911இல் வெளியிட்டார்.

1919இல் நைட்ரஜன் அணுக்கருவை ஆல்பா துகளால் மாற்றிக் காட்டியதை வெளியிட்டார். 1932இல் அவர் தலைமையின்கீழ் காக்கிராப்டும் வால்ட்டனும், இயந்திரத்தால் விரைவூட்டிய புரோட்டான்களைக் கொண்டு லித்தியம் கருவைப் பிளந்தனர்.

1930இல் தம் ஒரே மகளைப் பறிகொடுத்த பின்னரும் அவர் ஆய்வுக்கூடத்தைத் துறந்தாரில்லை. 1938 ஜனவரியில் கல்கத்தாவில் கூடவிருந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரஸின் வெள்ளிவிழாவுக்கு அவரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஆனால், 1937 அக்டோபர் 19ஆம் நாள் அவர் காலமாகவே, ஜேம்ஸ் ஜீன்ஸ் தலைமை வகித்தார். அவரைக் காணும் பேற்றை நம் நாடு இழந்தது.

அவர் காட்டிய வழி அழியவில்லை. அவர் கையாண்ட துகள்களின் ஆற்றல் ஒரு கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. கனடாவின் வான்கூவரில் 1974 முதல் இயங்கும் சைக்ளோட்ரானோ, புரோட்டான்களுக்குச் சுமார் 50 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றல் அளிக்கிறது. இத்தகைய நடுத்தர ஆற்றலுள்ள புரோட்டான் ஒன்று, கருவிலுள்ள மற்றொன்றை மோதி வெளித்தள்ளும். வெளிவரும் இரண்டின் ஆற்றலையும் திசையையும் அளந்து, தள்ளப்பட்டது கருவினுள் எத்துணை இறுகப் பிணைந்திருந்தது என்பதைக் கணிக்கின்றனர். இதுவும் தட்டிப் பார்த்தலே.

நம் சங்கத்து இளைஞர்கள் அந்த 8,000த்தில் ஒன்றை நினைவிற்கொள்வார்களாக.