தத்துவ போதக சுவாமியும் சேலத்துச் சாவடியும்

ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் பாதி வழியில் நின்று கீழே நோக்கினால் சேலம் பட்டணம் முழுவதும் கண்ணுக்கு முன்பாக விரிந்து கிடக்கும். நம்மில் எத்தனையோ பேர் வாரந்தோறும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் இறங்கிப்போய் ஏறிவருகிற பட்டணம் அது. அந்தப் பட்டணத்தில் ஒரு குருவானவர் தங்குவதற்கு ஒரு திண்ணைகூடக் கிடைக்காமல், வழிப்போக்கர் சாவடியில் ஏறக்குறைய நாற்பது நாள் கிடந்தார் என்பதை நம் பிள்ளைகளில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது நடந்தது 1623-ம் ஆண்டில். அப்பொழுது நமது சேர்வராயன் மலைமேல் காப்பிச் செடியும் இல்லை, பாதையும் இல்லை. காப்பி இங்கே வந்தது 1820-ல், கலெக்டர் காக்பர்ன் துரையின் காலத்தில். அதற்கு இருநூறு வருஷம் முந்தி, மலையாளிகள் என்று பெயர் வழங்கும் மலைவாசிகள் மட்டுமே இங்கே குடியிருந்தார்கள். கீழே சேலத்தை மதுரை நாயக்கருக்கு உட்பட்ட ஒரு சிற்றரசர் ஆண்டுவந்தார்.

அந்தக் குருவானவர் சேசு சபையைச் சேர்ந்த இராபர்ட் தெ நொபிலி சுவாமி. தமிழர் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள்.

அவர் 1577-ம் ஆண்டு இத்தாலியாவில் பெரிய பிரபு வம்சத்தில் பிறந்தவர். மூன்றாம் ஜூலியுஸ் பாப்பானவர் அந்தக் குடும்பத்துக்கு உறவு. அர்ச். பெல்லர்மீன் கர்தினாலும் உறவினரே. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை சந்நியாசம் பூணுவதற்கு வீட்டார் எளிதில் சம்மதிப்பார்களா? அவர் அவர்களை மீறித்தான் நாபோலி நகரத்தில் சேசு சபையில் சேர்ந்தார். 1603-ல் குருப்பட்டம் பெற்றார். மறுவருஷம் லிஸ்போன் துறைமுகத்தில் கப்பலேறினார். மொசாம்பிக் அருகே கப்பல் உடைந்தது. உயிர் தப்பி, 1605-ம் ஆண்டு மே மாதம் கோவாவில் கரையிறங்கினார். 1606-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மதுரை வந்து சேர்ந்தார்.

மதுரையில் அவருக்கு முன்னமே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் போர்த்துக்கேய சுவாமி இருந்தார். முன்னாளில் போர்வீரராயிருந்தவர், பக்தியுள்ளவர். ஒரு பள்ளிக்கூடமும் நோயாளிகளுக்கு ஒரு வைத்தியசாலையும் நடத்திவந்தார். ஆனால் பதினோரு வருஷமாகியும் மதுரை வாசிகளில் ஒருவரும் வேதத்தில் சேரவில்லை. காரணம் என்ன? கிறிஸ்தவன் ஆவதென்றால் பரங்கிக் குலத்தில் சேருவது என்றே சனங்கள் எண்ணினார்கள். பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, ஆசாரம் இல்லாமல் நடக்கிறவன் என்பது அவர்கள் கண்ட காட்சி. சுவாமியும் வேதத்தில் சேர விரும்புகிறவர்களிடம், பரங்கிக் குலத்தில் பிரவேசிக்கச் சம்மதமா என்னும் கருத்துப்படவே கேட்டுவந்தார். அந்த நல்ல கிழவரைப் பழித்து என்ன பயன்? பிணியாளிகளுக்கு மருந்து கொடுத்த கை அது. ஆனால் வாசல் அடைபட்டிருந்தது. அதை அடைத்தது சர்வேசுரனுடைய வேதமல்ல, அதன்மேல் போர்த்தியிருந்த அந்நிய உடுப்பு என்று கண்டுகொண்டவர் இளைஞரான நொபிலி சுவாமி.

கண்டபின் அவர் செய்த காரியத்தை நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், செய்து பார்த்தால் தெரியும். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். காலில் மரப்பாதுகை, கையில் தண்டும் கமண்டலமும். இறைச்சி, மீன், முட்டை, மது யாவற்றையும் விட்டார். நாளுக்கு ஒரே வேளை, சோறும் கீரையும் கொஞ்சம் பாலும். இது ஒரு மாதத்துக்கு அல்ல, ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு! தமிழையும் தெலுங்கையும் கற்றார். சிவதர்மர் என்னும் பிராமண ஆசிரியரிடம் சமஸ்கிருதம் கற்று, ஐரோப்பியர் எவரும் அதுவரை எட்டாத நூல்களை வாசித்தார். தமிழில் ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய வசன நூல்களை எழுதினார். அதுவரையில் கடற்கரைக் கிறிஸ்தவர்களிடையே போர்த்துக்கேய வார்த்தைகள் மிகுதியாய்க் கலந்து வழங்கின. இந்நாளில் நம் வீடுகளில் பாட்டிமார் வாயில் இயல்பாக வருகிற கோவில், பூசை, குரு, ஞானஸ்நானம் என்னும் சொற்கள் வேரூன்றுவதற்கு அவருடைய பேனாவே பெரிதும் காரணம். பேனா என்றால் எழுத்தாணி!

இதைக்கண்டு எதிர்த்தவர்கள் புறமதத்தார் மட்டும் அல்ல. முதல் புகார் பக்கத்து வீட்டிலிருந்தே போயிற்று. 1610-ல் பெர்னாந்தஸ் சுவாமி மேலதிகாரிகளுக்கு முறைப்பாடு எழுதினார். இவர் வேதத்தைப் புறமத ஆசாரங்களோடு கலக்கிறார், பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் ஸ்நானத்தையும் விசுவாசிகளுக்கு அனுமதிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. உறவினரான பெல்லர்மீன் கர்தினால்கூடக் கேள்விப்பட்டவுடன் மனம் நொந்தார், விவரம் தெரிந்த பின்னரே தேறினார். கொடுங்கலூர் அதிமேற்றிராணியாராகிய ரோஸ் ஆண்டவர் நொபிலிக்கு ஆதரவாக நின்றார். கோவா அதிமேற்றிராணியார் எதிர்த்தார். 1619-ல் கோவாவில் கூடிய சபையில் நொபிலி சுவாமி காவி உடையோடே போய் நின்று தம் நியாயங்களைச் சொன்னார். பெரும்பாலோர் அவருக்கு விரோதமாகவே தீர்மானித்தார்கள். வழக்கு உரோமைக்குப் போயிற்று. 1623-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பதினைந்தாம் கிரெகோரி பாப்பானவர் அந்த ஆசாரங்களை, வீண்பத்தி நீங்கிய அளவில், குலவழக்கங்களாகக் கொண்டு அனுமதித்துக் கட்டளையிட்டார்.

பதின்மூன்று வருஷ வியாச்சியம் ஜெயித்த மனுஷன் என்ன செய்வான்? மதுரையில் இருந்து இளைப்பாறுவான். நொபிலி சுவாமியோ அந்த வருஷமே தண்டை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தார். திருச்சிராப்பள்ளியைக் கடந்து, கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலம் சேர்ந்தார். அங்கே இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து சேலம் வந்தார். சேலத்தில்தான் அந்தச் சாவடி.

ஊரில் ஒருவரும் வீடு கொடுக்கவில்லை. அந்நியர், எந்த ஊர்ச் சந்நியாசியோ என்ற சந்தேகம். நாலுபுறமும் காற்று வீசுகிற பொதுச்சாவடியில் இராத்தங்கல், பகலில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் பரிகாசம். சரீரம் தளர்ந்து நோயும் கண்டது. உரோமையில் அவருடைய பேருக்குப் பாப்பானவரின் முத்திரையோடு கட்டளை இருக்கிறது, சேலத்தில் ஒரு கூரையில்லை. நாற்பது நாளான பிறகு ஒரு மனுஷர் மனமிரங்கி இடங்கொடுத்தார். வந்து பேசிப் பார்த்தவர்கள் மெள்ள மெள்ள அவருடைய ஞானத்தை ஊரில் பரப்பினார்கள். கடைசியாய்ச் சேலத்துத் தலைவராகிய செல்லப்பட்டி நாயக்கரே அவருக்குச் சிநேகிதரானார். அத்தலைவரின் தமையனாரும் ஆட்சியை இழந்து அவ்வூரில் வாழ்ந்தவருமாகிய திருமங்கல நாயக்கர் சுவாமியிடம் உபதேசம் கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். அருகே மோரமங்கலத்திலும் ஒரு சிறு கிறிஸ்தவக் கூட்டம் உண்டாயிற்று. சேலம் மேற்றிராசனம் ஏற்பட்டது 1930-ல் ஆனாலும், அதன் விசுவாச விதை விழுந்தது அந்தச் சாவடியிலும் மோரமங்கலத்திலும்தான்.

நமதாண்டவர் நமக்கு எப்படிப்பட்ட குருவாயிருக்கிறார் என்று திருச்சபை நமக்குப் போதிப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர் பாவம் ஒன்று நீங்கலாக எல்லாவற்றிலும் நம்மைப்போல் ஆனார். பசியும் களைப்பும் கண்ணீரும் அறிந்தார். தூரத்திலிருந்து இரங்குகிற குருவாயிராமல், நம்முடைய பலவீனத்தைத் தம் சரீரத்தில் சுமந்து இரங்குகிற பெரிய குருவானார். பட்டண வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார். இப்பொழுதும் பிதாவின் சந்நிதியில் நமக்காக ஓயாமல் பரிந்து பேசுகிறார், பலிபீடத்தில் தம்மையே கையளிக்கிறார். பூமியில் உள்ள குருக்கள் எல்லாரும் அந்த ஒரே குருத்துவத்தில் பங்கு பெறுகிறவர்கள், தங்களுக்கென்று வேறே குருத்துவம் இல்லாதவர்கள். சேலத்துச் சாவடியில் காய்ச்சலோடு படுத்திருந்த சுவாமியிடத்தில் அந்த ஒரே குருவின் சாயல் தெரிகிறது.

ஆனால் சரித்திரம் இவ்வளவோடு முடிந்தால் நன்றாயிருக்கும், முடியவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

உயர்குலத்தாரோடு ஒன்றாக வேண்டும் என்று சந்நியாச வேஷம் பூண்ட குரு, சேரிக்குள் பகிரங்கமாய்ப் போக முடியாதவரானார். போனால் மற்றவர்கள் அவரிடம் வரமாட்டார்கள். திருச்சிராப்பள்ளியில் வள்ளுவ குலத்துப் பண்டாரமாகிய முத்துடையான் என்பவர் மனந்திரும்பி இலாரியென்னும் பெயர் பெற்று, தாழ்த்தப்பட்ட மக்களில் அநேகரை வேதத்துக்குக் கூட்டிவந்தார். அவர்களும் தேவதிரவிய அனுமானங்களுக்குப் பசித்திருந்த ஆத்துமங்கள் அல்லவா? குருக்கள் இராக்காலத்தில், ஒருவரும் அறியாதபடி அவர்களிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள், அவஸ்தையிலிருப்பவர்களைச் சந்தித்தார்கள். விடியுமுன் திரும்பிவிட வேண்டும். ஒரே ஆண்டவருடைய சரீரத்தை உட்கொள்ளுகிறவர்களில் ஒருவருக்குப் பகலில் குரு, மற்றவருக்கு இருட்டில் குரு! கிரெகோரி பாப்பானவர் இதை முன்னறிந்தவர்போல், பூணூலை அனுமதித்த அந்தக் கட்டளையிலேயே, உயர்குலத்தார் எளிய குலத்தாரை இகழவேண்டாமென்றும், முக்கியமாய்த் தேவவாக்கியம் கேட்கும்போதும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறும்போதும் அப்படிச் செய்யவேண்டாமென்றும் உருக்கமாக மன்றாடியிருந்தார். அனுமதித்த பாகத்தை எல்லாரும் வாசித்தார்கள். மன்றாடிய பாகத்தை வாசித்தவர்கள் கொஞ்சம்.

நொபிலி சுவாமி இந்தக் குறையை அறியாதவர் அல்ல. 1640-ல் ஒரு வழி பிறந்தது. பல்தசார் தெ கோஸ்தா சுவாமி பண்டாரம் என்னும் எளிய துறவியின் கோலம் பூண்டு புறப்பட்டார். பண்டாரங்கள் எல்லாக் குலத்தாரிடமும் போய்வரலாம், ஊர் அதைத் தடுப்பதில்லை. சில வருஷங்களுக்குள் பண்டார சுவாமிகள் ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் தொகை சந்நியாச சுவாமிகளுடையதை மிஞ்சிப்போயிற்று. 1693-ல் ஓரியூரில் இரத்தஞ்சிந்திய அர்ச். அருளானந்த சுவாமியும் அந்தப் பண்டார வரிசையில் வந்தவரே. எளியவரிடம் போன பாதையே அகலமான பாதையாயிற்று. என்றாலும் கோவிலுக்குள் குலப்பிரிவு அதனால் ஒழிந்துவிட்டது என்று சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. தமிழ்நாட்டுக் கோவில்களில் தனித்தனி இடமும், கல்லறைகளில் நடுச்சுவரும் வெகுகாலம் நின்றதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

அதே 1640-ம் ஆண்டில் நொபிலி சுவாமி மதுரையில் சிறைப்பட்டார். மறுவருஷம் விடுதலையானார். அதற்குள் கண்பார்வை மங்கிவிட்டது. இனி அலைய முடியாது என்று கண்ட சபைத் தலைவர்கள் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய நாற்பது வருஷம் உழைத்த மதுரையை விட்டுப் போவது அவருக்கு எவ்வளவு கஷ்டமோ, கீழ்ப்படிந்து போனார். பிறகு மயிலாப்பூர் வந்தார். அங்கே போர்த்துக்கேயர் பட்டணத்துக்குள் வசதியான மடம் உண்டு. அவரோ பட்டணத்துக்குப் புறம்பே ஒரு மண்குடிசையில், தம்மோடு வந்த சில தமிழ்க் கிறிஸ்தவர்களுடன் தங்கினார். உணவு அதே சோறும் கீரையும், கடைசியில் கசப்புக் கீரையே மிகுதி. கண்தெரியாத கிழவர் தம் தமிழ் நூல்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, திருத்திச் சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் ஓலையில் எழுதினார்கள். 1656-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி, தமது 78-ம் வயதில், அந்த மயிலாப்பூரில் ஆண்டவரில் நித்திரையடைந்தார். மதுரை மிசியோனில் அவர் விட்டுப்போன கிறிஸ்தவர்களிடம் பண்டார சுவாமிகள் அப்பொழுதும் ஊர் ஊராய் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.