பாபநாசத்து வக்கீலும் படம் வெட்டும் கத்தரியும்

பாபநாசம் என்றதும் சங்கீதப் பிரியர்களுக்கு நினைவு வருபவர் சிவன். ஆனால் அவர் பிறந்தது போலகத்தில். வாழ்ந்த ஊரின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பாபநாசத்திலேயே பிறந்து, தமிழ்ப் பேசும் படத்தை வளர்த்த இன்னொருவர் உண்டு. அவர்தான் டைரக்டர் கே. சுப்பிரமணியம்.

1904-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி அவர் பிறந்தார். தஞ்சையிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியில், சுற்றிலும் வயலும் வாய்க்காலுமாக உள்ள ஊர் அது. பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அறுப்பும் போரடிப்பும் முறத்தால் புடைப்பதும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் ஊர். சுப்பிரமணியம் சட்டம் படித்து வக்கீலானார். கோர்ட்டோடு நின்றிருந்தால் நல்ல வருமானமும் நிம்மதியும் கிடைத்திருக்கும். ஆனால் மனம் சினிமாவில் சென்றது. சென்னையில் ஆர். பத்மநாபன் நடத்திய மௌனப் படக் கம்பெனியில், ராஜா சாண்டோவுடன் சேர்ந்து கதை அமைக்கும் வேலையில் இறங்கினார்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

சினிமாப் படம் இரண்டு இடங்களில் உருவாகிறது. ஒன்று, காமிராவின் முன்னால். மற்றொன்று, படத்தை வெட்டி ஒட்டும் மேஜையில். முதலாவதை எல்லோரும் அறிவார்கள். இரண்டாவது, கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதே அந்தத் தொழிலின் பெருமை.

மௌனப் பட நாளில் அதற்கு வேண்டிய கருவிகள் மிகக் குறைவு. பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். வேண்டாததைக் கத்தரியால் வெட்டுவார்கள். நுனியில் உள்ள மருந்துப் பூச்சைச் சுரண்டிவிட்டு, பிலிம் பசையைத் தடவி அடுத்த துண்டோடு அழுத்தி ஒட்டுவார்கள். இடையிடையே எழுத்து அட்டையைச் செருகுவார்கள். கதையில் ஏதாவது ஓட்டை விழுந்தால், ஒரு அட்டையை எழுதி அடைத்துவிடலாம்.

பேச்சு வந்தது, சங்கடமும் வந்தது. பேசும் படம் விநாடிக்கு 24 கட்டங்களாக, நிமிஷத்துக்கு 90 அடி வீதம் ஓடுகிறது. ஒலியும் பிலிமின் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பதிவாகிறது. அதிலும் ஒரு சூக்ஷ்மம்: ஒரு கட்டத்துக்கு உரிய ஒலி அதன் பக்கத்திலேயே இருப்பதில்லை. படம் காட்டும் யந்திரத்தில் ஒலியைப் படிக்கும் பாகம் லென்ஸுக்குக் கீழே இருப்பதால், ஒலி 20 கட்டம் முன்னால் பதிக்கப்படுகிறது. அப்படிப் பதிந்த பிலிமை நினைத்த இடத்தில் வெட்டினால், உதடு ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் போய்விடும்!

காக்கைக்கு ஒரு துப்பாக்கி

1934-ல் சுப்பிரமணியம் தமது முதல் பேசும் படமான பவளக்கொடியை எடுத்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலக்ஷ்மியும் நடித்தார்கள். ஐம்பது பாட்டுகள்! அடையாறு மீனாக்ஷி சினிடோனில், திறந்த வெளியில், சூரிய வெளிச்சத்தில் படப்பிடிப்பு. மேகம் வந்தால் வேலை நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை காக்கை. பாகவதர் பாட, மரத்தில் காக்கை கரைய, இரண்டும் சேர்ந்தே பதிவாகிவிடும். பாட்டும் படமும் ஒரே சமயத்தில் பதிவான காலம் அது. காக்கையை வெட்டி எடுக்கப் போனால் பாகவதரின் சாரீரத்தையும் அல்லவா வெட்ட வேண்டும்? ஆகவே காக்கைகளை விரட்டத் துப்பாக்கியோடு ஒரு ஆளை வேலைக்கு வைத்தார்கள் என்பது அந்நாளைய சினிமாக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்த சங்கதி. இன்று கணினியில் ஒரு நொடியில் நீக்கக்கூடிய சத்தத்துக்கு அன்று துப்பாக்கி தேவைப்பட்டது!

அப்போது நல்ல கருவிகள் வேண்டுமானால் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கோலாப்பூருக்கும்தான் ஓட வேண்டும். நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சமையற்காரர் எல்லோரையும் ரயிலேற்றிக்கொண்டு போவார்கள். ஊர் திரும்பிய பிறகு ஒரு காட்சி குறைகிறது என்று தெரிந்தால், மறுபடி எடுக்க வழியில்லை. இருப்பதை வைத்து ஒட்டுப்போட வேண்டியதுதான். கருவி அயலூரில் இருக்கும்வரை தமிழ்ப் படம் தன் காலில் நிற்காது என்பதைச் சுப்பிரமணியம் அனுபவத்தில் உணர்ந்தார். பல தயாரிப்பாளர்கள் பொதுவில் பயன்படுத்திக்கொள்ளும்படி, சென்னை மவுண்ட் ரோட்டில் மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் என்ற ஸ்டூடியோவை உருவாக்கினார்.

கொள்கையும் சோதனையும்

இதற்கிடையே அவருடைய படங்களின் போக்கும் மாறியது. 1936-ல் பக்த குசேலா. அதில் குசேலராக நடித்தவர் பாபநாசம் சிவன். 1937-ல் பாலயோகினி. விதவைகளின் துயரத்தையும் ஜாதிக் கொடுமையையும் எடுத்துக் காட்டிய அந்தப் படத்தில், விதவை வேடத்துக்கு ஒரு விதவையையே நடிக்கவைத்தார். தஞ்சைப் பக்கத்து வைதிகர்கள் சிலர் கூடி, அவரை ஜாதியை விட்டே விலக்கியதாக அறிவித்தார்கள். சொந்த மண்ணிலிருந்து கிடைத்த பரிசு அது! அவர் அசையவில்லை. 1938-ல் சேவாசதனம் படத்தில் எம். எஸ். சுப்புலக்ஷ்மியைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

1939-ல் தியாகபூமி வந்தது. கதை கல்கியுடையது. படம் தயாராகும்போதே, அதன் புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் கதை தொடராக வெளிவந்தது. பத்திரிகையை நடத்தியவர் எஸ். எஸ். வாசன். சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். எழுதியவர், வெளியிட்டவர், நடித்தவர், டைரக்ட் செய்தவர் நால்வருமே பழைய தஞ்சை ஜில்லாக்காரர்கள்! தேசியப் போராட்டத்தின் பக்கம் வெளிப்படையாக நின்ற அந்தப் படத்தை, காங்கிரஸ் மந்திரி சபை விலகிய பிறகு பிரிட்டிஷ் சர்க்கார் தடை செய்தது. எடிட்டரின் கத்தரி ஒரு காட்சியை எடுத்துக் கதையைக் காப்பாற்றுகிறது. சர்க்காரோ கத்தரியைத் தேடவே இல்லை. படம் முழுவதையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டது.

அடுத்து வந்த சோதனை நெருப்பு. அந்நாளைய பிலிம் நைட்ரேட் ரகம். பற்றிக்கொண்டால் தண்ணீராலும் அணைக்க முடியாது. படம் எடுக்கும் இடத்தில் எப்போதும் ஆபத்து காத்திருக்கும். மவுண்ட் ரோடு ஸ்டூடியோவும் ஒரு தீவிபத்தில் அழிந்தது. பிறகு ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் வாசன். 1941-ல் அந்த இடம் ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. 1948-ல் வடநாட்டையும் வியக்கவைத்த சந்திரலேகா அங்கேதான் உருவாயிற்று. சுப்பிரமணியத்துக்கு அது நஷ்டந்தான். ஆனால் அவர் ஆசைப்பட்டது நடந்தது: தமிழ்ப் படத்துக்கான கருவிகள் தமிழ்நாட்டிலேயே நிலைத்தன.

கையை விட்டுப் போனதை எண்ணி அவர் முடங்கவில்லை. 1939-ல் ஏற்பட்ட தென்னிந்திய பிலிம் வர்த்தக சபையிலும், 1952-ல் ஏற்பட்ட நடிகர் சங்கத்திலும் முன்னின்று உழைத்தார். ஒருவர் கற்றதை மற்றவரும் பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய புதல்வர் எஸ். கிருஷ்ணஸ்வாமி, அமெரிக்கப் பேராசிரியர் எரிக் பார்னோவுடன் சேர்ந்து எழுதிய இந்திய சினிமா வரலாறு 1963-ல் வெளிவந்தது. 1971 ஏப்ரல் 7-ந் தேதி சுப்பிரமணியம் காலமானார். தடை செய்யப்பட்ட தியாகபூமியோ இன்றும் உயிரோடு இருக்கிறது. புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதன் பிரதியைக் காத்துவருகிறது.

இன்றைய முறம்

அவர் மறைந்த பின் கத்தரியும் பசையும் மெல்ல விடைபெற்றன. 1994-ல் வந்த மகாநதியில் ஆவிட் என்னும் கணினி முறை படத்தொகுப்புக்குப் பயன்பட்டது. கும்பகோணத்துப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொன்ன படம் அது என்பதும் ஒரு பொருத்தந்தான். இன்று பாபநாசத்துப் பையன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியிலேயே படத்தை வெட்டி ஒட்டலாம். தவறாக வெட்டினால் பிலிம் பாழாவதில்லை. விரலால் தொட்டால் பழையபடி வந்துவிடும். தொழிலைக் கற்றுத்தரும் பாடங்களும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. எதற்காக ஒரு மனிதர் வக்கீல் தொழிலை விட்டாரோ, எதற்காக ஸ்டூடியோ கட்டி இழந்தாரோ, அது இன்று சட்டைப் பையில் இருக்கிறது.

ஆனால் முறம் எல்லார் வீட்டிலும் இருந்தாலும், பதர் பறக்க நெல் தங்கும்படி புடைக்க எல்லாருக்கும் வருவதில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்பதைக் கருவி சொல்லித்தராது. ஜாதியை விட்டு விலக்கினாலும் இந்தக் காட்சி இருக்கத்தான் வேண்டும் என்று சுப்பிரமணியம் முடிவு செய்தாரே, அந்தத் துணிவுதான் படத்தொகுப்பின் முதற்பாடம். பாபநாசத்துப் பிள்ளைகள் அதைக் கற்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தங்கள் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையை அறிந்தாலே போதும்.