ஜிம் கார்பெட்டும் அவர்தம் கானக உடையும்

ஆடை மானத்தைக் காப்பது. வெயிலினின்றும் மழையினின்றும் உடலைக் காப்பதும் அதுவே. ஆயின், காடு புகுவானுக்கு ஆடை செய்யும் உதவியோடு அது செய்யும் இடையூறும் உண்டென்பதைப் பலர் எண்ணுவதில்லை. செங்கற்பட்டைச் சூழ்ந்த குன்றுகளிலும், மாமல்லபுரக் கடற்கரையை அடுத்த முட்புதர்களிலும் ஐப்பசி மழையில் நடந்தோர் இதனை எளிதில் உணர்வர். நனைந்த பருத்தித் துணி உடலோடு ஒட்டிக் குளிரை மிகுவிக்கும். ரப்பர் மழைக்கோட்டு மழையைத் தடுக்கும். வியர்வையையோ உள்ளே அடைத்துவிடும். தடித்த பூட்ஸ் முள்ளைத் தடுக்கும். காலடியோசையையோ நெடுந்தொலைவு பரப்பும். இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் வினாவிற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவரே குமாவுன் மலைநாட்டு வேட்டை வீரராகிய ஜிம் கார்பெட்.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் இமயச் சாரலிலுள்ள நைனித்தாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். 1881-இல் தந்தையார் மறையவே, மக்கள் பலரையுடைய அப்பெருங்குடும்பத்தின் சுமை தாயார்மீது வீழ்ந்தது. கோடையில் நைனித்தாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. காலாதுங்கிக் காடே சிறுவர் ஜிம்முக்குப் பள்ளிக்கூடமாயிற்று. முதலிற் கவண், பின்னர் வில், அதன் பின்னர் ஒரு குழல் பிளந்துபோன பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி, இவையே அவர்தம் படைக்கலங்கள். மரமேறவும் ஓசையின்றி நடக்கவும் வெறுங்காலே ஏற்றதென அவ்விளமையிலேயே அவர் கண்டார். பறவையின் கூவலும், குரங்கின் அலறலும், மானின் எச்சரிக்கைக் குரலும் காட்டின் செய்தித்தாள் ஆவன என்பதும் அப்போதே அவருக்குப் புலனாயிற்று. அச்செய்தியைப் படிக்கச் செவி திறந்திருத்தல் வேண்டும். தம் காலோசை அதனை மறைத்தலாகாது. பிற்காலத்தில் அவர் உடை தேர்ந்த முறைக்கெல்லாம் அடிப்படை இவ்வுண்மையே எனலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், வறுமை காரணமாகப் பதினெட்டு வயதளவில் இரயில்வே ஊழியத்தில் அமர்ந்தார். பின்னர்க் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் சரக்குகளை ஓர் இருப்புப்பாதையினின்று மற்றொன்றுக்கு மாற்றும் ஒப்பந்தத்தை ஏற்று, இருபதாண்டுக்கு மேலாகக் கூலியாட்களோடு உடனுழைத்தார். வேட்டை அவருக்கு வயிற்றுப் பிழைப்பன்று. விடுமுறை நாட்களில், அரசினரும் ஊராரும் வேண்டிக்கொண்டபோது, ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிச் சென்றார். அதற்கெனப் பரிசுப்பணம் பெறுவதை விரும்பினாரல்லர்.

அக்காலத்து ஆங்கில வேட்டைக்காரர் உடையைப் பற்றி ஒருசொல் கூறல் வேண்டும். மண்ணிறமாகிய காக்கி, 1846-இல் பெஷாவரில் தோன்றிய வழிகாட்டிப் படையினரால் வழக்கிற்கு வந்து, பின்னர் வேட்டைக்கும் உரிய நிறமாயிற்று. தடித்த தோற்பூட்ஸும், கால்சுற்றுப் பட்டையும், தக்கைத் தொப்பியும் அதனோடு சேர்ந்தன. யானைமேல் அமர்ந்தோ, பரண்மேல் அமர்ந்தோ சுடுவார்க்கு இவை தீங்கு செய்யா. தன்னந்தனியே, தரையில், ஆட்கொல்லியின் தடம்பற்றிச் செல்வார்க்கோ நிலைமை வேறு. புலி கண்ணாலும் செவியாலும் வேட்டையாடும் விலங்கு. காய்ந்த இலைமேல் அழுந்தும் ஒரு பூட்ஸின் ஓசை வேட்டைக்காரனையே வேட்டைப் பொருளாக்கிவிடும். ஆதலின் கார்பெட் காக்கி நிறத்தைக் கொண்டார்; கனத்த பூட்ஸைத் தள்ளினார். அரைக்காற்சட்டையும், மெல்லிய ரப்பர் அடியுள்ள காலணியும் அவர்தம் கானகக் கோலமாயின.

இத்தேர்வு விலையின்றிக் கிடைத்ததன்று. 1907-இல் சம்பாவத்துப் பெண்புலியைத் தொடர்ந்த வரலாறு இதற்குச் சான்று. நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 உயிர்களைக் கொண்டதென்று கணக்கிடப்பட்ட புலி அது. இளம்பெண்ணொருத்தியைக் கவர்ந்து சென்ற அதன் குருதித் தடத்தை அவர் பற்றிச் சென்றபோது, வழியெங்கும் காஞ்சொறியும் முட்செடியும் அடர்ந்திருந்தன. மூடப்படாத முழந்தாள்கள் மிகவும் வருந்தின. நீண்ட தடித்த காற்சட்டை அணிந்திருப்பின் அவ்வருத்தம் நேர்ந்திராது. ஆயின் முள்ளில் உரசும் துணியின் ஓசை அவருக்கு முன்னே சென்று புலிக்கு அறிவித்திருக்கும். தோல் கிழிவதா, செவி அடைபடுவதா என்னும் இரண்டனுள் முன்னதை அவர் ஏற்றார். மறுநாள் ஊரார் ஏறக்குறைய முந்நூறு பேர் மலைமுகட்டில் நின்று ஆரவாரித்துப் புலியைக் கலைக்க, அஃது அவரால் வீழ்ந்தது.

முள்ளினும் கொடியது குளிர். கேதாரத்துக்கும் பதரிக்கும் செல்லும் யாத்திரிகர் வழியில், 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையைத் தேடியபோது இதனை அவர் நன்கறிந்தார். அளகநந்தை ஆற்றுத் தொங்குபாலத்தின் கோபுரத்து உச்சியில், வீசும் காற்றுக்கும் கடிக்கும் எறும்புக்கும் ஈடுகொடுத்து இருபது இரவுகள் காத்துக் கிடந்தார். அத்தகைய இடத்தில் நனைந்தாலும் ஓரளவு வெம்மை காக்கும் கம்பளியே துணை; ஆயினும் கம்பளிமேற் கம்பளி சுற்றிக்கொள்வோன் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தக் காலந்தாழ்ப்பான். குளிரும் ஓரளவு பொறுக்கப்பட வேண்டியதே என்பது இங்கே பெறப்படும். இறுதியில், 1926-ஆம் ஆண்டு மே மாதம், குலாப்ராய் என்னுமிடத்து மாமரத்தில் அமர்ந்து பல இரவுகள் காத்தபின், அச்சிறுத்தையைச் சுட்டு வீழ்த்தினார். ஆட்கொல்லி வேட்டையில் இறுதியான தாக்குப் புலியை 1938-இல் சுட்டபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று.

நிற்க. கார்பெட் தம் உடையைத் தாமே தேர்ந்தார். அவர் காக்கச் சென்ற மக்களுக்கோ தேர்வு இருந்ததில்லை. புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் அதே காட்டுக்கு, நைந்த துணியொடு, நாள்தோறும் சென்ற மலைநாட்டுப் பெண்டிரே ஆட்கொல்லிகளுக்குப் பெரிதும் இரையாயினர். பனியும் பசியும் அவர்களை வெளியே துரத்தின. வீட்டிற்குள் அடைந்திருக்க அவர்களுக்கு வசதியில்லை. இதனைக் கார்பெட் மறந்தாரல்லர். காலாதுங்கிக்கு அருகில் சோட்டி ஹல்துவானி என்னும் சிற்றூரை விலைக்கு வாங்கி, குடியானவரைக் குடியேற்றி, விளைச்சலை விலங்குகளினின்றும் காக்க ஊரைச்சுற்றி மதிலும் எழுப்பினார். 1917-இல் குமாவுனியர் ஐந்நூற்றுவரைப் பிரான்சுநாட்டுப் போர்முனைக்கு அழைத்துச் சென்று, அந்நிய நாட்டுக் குளிரில் அவர்கள் நலம் பேணினார். இரண்டாம் உலகப் போரில், 1944-இல், பர்மாக் காடுகளுக்குச் செல்லவிருந்த போர்வீரர்க்குக் காட்டில் வாழும் வகையைப் பயிற்றினார். அவ்வாண்டிலேயே குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவர் நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

முதுமை நெருங்க நெருங்கத் துப்பாக்கியினும் படக்கருவியே அவருக்கு உவப்பாயிற்று. புலியைச் சுடுதற்கு ஓசையின்மை ஒருமடங்கு வேண்டுமாயின், படம்பிடித்தற்கு அது பன்மடங்கு வேண்டும். 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவுனில் அமைவதற்குத் துணைநின்றார். 1947-இல் தமக்கையார் மாகியுடன் கென்யா சென்று, 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் நியேரியில் உயிர்நீத்தார். 1957-இல் அப்பூங்காவிற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

இனி, அவர் வரலாறு நம் நாட்டார்க்கு எங்ஙனம் பயன்படும்? 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடைப்பட்டது. எனினும் காட்டு நடை ஒழிந்ததன்று. நம் செங்கற்பட்டுப் பகுதியின் இருளர் தலைமுறை தலைமுறையாகப் புதர்க்காட்டில் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர். புற்றருகே கிடக்கும் பாம்புச்சட்டையும், மணலில் நெளிந்த தடமும் அவர்க்கு எழுத்தாகும். 1978-இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்று, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்கள் பிடிக்கும் பாம்புகளின் நஞ்சு மருந்துக்காக எடுக்கப்பட்டு வருகின்றது. கார்பெட் காலாதுங்கியில் கற்ற பாடத்தை இவர்தம் முன்னோர் நம் கடற்கரையிலேயே கற்றிருந்தனர். ஆயினும், வெறுங்கால் ஒருவர்க்குக் கலையாகவும் மற்றொருவர்க்கு வறுமையாகவும் இருக்கக் கூடுமென்பதை நாம் மறத்தலாகாது. வல்லமையைப் புகழ்ந்துவிட்டு, முள்ளிலும் பாம்பிலும் நடப்பார்க்குக் காலணி வேண்டாவென்று கூறுதல் அறமன்று.

இக்காலத்தில் மழை புகாது வியர்வையை மட்டும் வெளியேற்றும் துணிகளும், எடை குறைந்த கம்பளி உள்ளாடைகளும் கடைகளில் மலிந்துள்ளன. மலையேறும் மாணவர் இவற்றை வாங்குதல் தவறன்று. ஆயின் வாங்குமுன், இஃது எனக்கு என்ன தரும் என்பதோடு, என்னிடமிருந்து எதனை எடுத்துக்கொள்ளும் என்றும் வினவுதல் வேண்டும். செவியை எடுத்துக்கொள்ளும் ஆடை காட்டிற்கு ஆகாது; உயிரை எடுத்துக்கொள்ளும் குளிருக்கு ஆடையின்மையும் ஆகாது. இவ்விரண்டிற்கும் நடுவே தமக்குரிய அளவைக் கண்டறிந்தவர் ஜிம் கார்பெட். அவ்வளவறியும் அறிவே காடு புகுவார்க்கு முதல் உடையாகும்.