லுட்விக் ஹாட்செக்

லுட்விக் ஹாட்செக் (அக்டோபர் 9, 1856 - ஜூலை 15, 1914) ஆஸ்திரியத் தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். கல்நார் இழைகளையும் சிமெண்டையும் சேர்த்து மெல்லிய, எரியாத கூரைத் தகடுகளை உருவாக்கும் முறையைக் கண்டறிந்தவர் இவரே. இத்தகடுகள் எடர்னிட் என்ற வணிகப் பெயரில் உலகெங்கும் பரவின. தமிழகத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என அழைக்கப்படுவதும் இவ்வகைத் தகடே.

வாழ்க்கை

ஹாட்செக் இன்றைய செக் குடியரசில் உள்ள மொராவியாப் பகுதியில் பிறந்தார். இவரது குடும்பம் லின்ஸ் நகரில் குடியேறி பியர் வடிப்பாலை ஒன்றை நடத்தியது. அத்தொழிலிலிருந்து விலகிய இவர், 1893 ஆம் ஆண்டில் வோக்லாபுருக் நகருக்கு அருகில் ஒரு காகித ஆலையை வாங்கி, கல்நார்ப் பொருட்களைத் தயாரிக்கத் தொடங்கினார்.

கண்டுபிடிப்பு

அக்காலக் கூரைகளில் மரப்பலகை எளிதில் தீப்பற்றியது. ஓடும் பலகைக்கல்லும் கனமாக இருந்தன. இலேசான, எரியாத மாற்றுப் பொருளை ஹாட்செக் தேடினார். ஏறத்தாழ ஒன்பது பங்கு சிமெண்டையும் ஒரு பங்கு கல்நாரையும் மிகுதியான நீரில் கலந்து, காகித அட்டை செய்யும் இயந்திரத்தில் செலுத்தினார். சுழலும் சல்லடை உருளையில் படிந்த மென்படலம், உருளை ஒன்றில் அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டுத் தகடாயிற்று. இம்முறைக்கு 1901 ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. நிலையானது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து எடர்னிட் என்னும் பெயர் அமைந்தது. பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் பெற்று இதனைத் தயாரித்தன. 1908 ஆம் ஆண்டில் க்முண்டனில் சிமெண்ட் ஆலை ஒன்றையும் இவர் நிறுவினார்.

வெப்பத்தில் தகட்டின் நடத்தை

எரியாத பொருள் எல்லாம் வெப்பத்தைத் தாங்கும் பொருள் அல்ல. 100 பாகை செல்சியசுக்கு மேல் சிமெண்டில் உள்ள நீர் ஆவியாகிறது. சுமார் 450 பாகையில் அதிலுள்ள கால்சியம் ஐதராக்சைடு சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. குளிர்ந்தபின் அச்சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை ஏற்று வீங்குவதால் விரிசல் உண்டாகிறது. மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிரும்போது இவ்விரிசல்கள் பெருகுகின்றன. இழைகள் விரிசலின் இரு கரைகளையும் பிணைத்து உடைவைத் தாமதப்படுத்துகின்றன. எனினும் கடும் வெப்பத்தில் கல்நாரும் தன் பிணைப்பு நீரை இழந்து நொறுங்கும். ஆகவே தீ விபத்தில் இத்தகடுகள் எரிவதில்லை. ஆனால் ஓசையுடன் வெடித்துச் சிதறக்கூடும்.

தாக்கம்

கல்நார்த் தூசு நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்குவது ஹாட்செக்கின் மறைவுக்குப் பின்னரே உறுதியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கல்நாரைத் தடை செய்தது. மாற்றாக வந்த மரக்கூழ் இழையும் செயற்கை இழையும் கல்நார் அளவுக்கு வெப்பம் தாங்குவதில்லை: முன்னது கருகும், பின்னது உருகும். எனவே உலை போன்ற இடங்களுக்கு, கால்சியம் ஐதராக்சைடு உண்டாக்காத அலுமினா சிமெண்டும் வெப்பம் தாங்கும் இழைகளும் தேவைப்படுகின்றன. ஹாட்செக் பயன்படுத்திய இழை பல நாடுகளில் கைவிடப்பட்டபோதிலும், அவரது தயாரிப்பு முறை அவர் பெயராலேயே இன்றும் வழக்கில் உள்ளது.