தவறணை வாசலில் இருந்து திரும்பிய தொழிலாளி



சம்பள நாளில் சந்தோஷம் நிறைய வேண்டிய வீட்டில், பொழுது சாயச் சாயப் பயம் புகுந்துகொள்வதை நீங்கள் அறிவீர்கள். இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களிலும் அத்தகைய லயங்கள் உண்டு. தாயும் தகப்பனும் மலையேறி உழைத்த காசு தவறணைக்கோ கசிப்புக்கோ போய்விட, பிள்ளைகள் பசியோடு படுத்துவிடுகிறார்கள். அப்படியொரு வீட்டில் பிறந்து, அதே சேற்றில் விழுந்து எழுந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். சுமை சுமந்து பிழைத்த ஏழைத் தொழிலாளி. பெயர் மத்தேயு டால்பொட்.

1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் அவர் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாமவர். தகப்பன் குடிப்பழக்கம் உள்ளவர்; சகோதரர்களில் பெரும்பாலானோரும் அவ்வழியே சென்றனர். பள்ளிப் படிப்பு பெயரளவில்தான். 12 வயதில் மதுபான வியாபாரிகளிடம் வேலைக்குப் போனார். அங்கேயே ருசி பழகினார். பதின்ம வயதிலேயே முழுக் குடிகாரரானார். பின்னர் கட்டட வேலையில் செங்கல் சுமந்தார். உழைப்பில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் உழைத்த காசு முழுவதும் தவறணைக்கே சென்றது. காசில்லாதபோது சப்பாத்தையும் அடகு வைத்தார். தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைத் திருடிக் குடித்த கதையும் உண்டு.

1884இல் ஒரு நாள், சில தினங்களாக வேலையின்றி வெறுங்கையோடு தவறணை வாசலருகே நின்றார். முன்னர் அவர் காசில் குடித்த நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கடந்து போனார்கள். ஒருவரும் உள்ளே அழைக்கவில்லை. மனம் நொந்து வீடு திரும்பியவர், குடியை விடச் சத்தியம் செய்யப்போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் சத்தியம் செய்யும்படி தாய் சொல்லி, தேவன் பெயரால் அனுப்பிவைத்தார். மத்தேயு ஒரு குருமடத்துக்குச் சென்று, பாவசங்கீர்த்தனம் செய்து, வாக்குக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 28.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆயுள் முழுவதற்கும் அவர் உடனே சத்தியம் செய்யவில்லை. முதலில் மூன்று மாதம் மட்டும். அது முடிந்தபின் புதுப்பித்தார். பிறகுதான் ஆயுளுக்கும் நீட்டினார். அந்த முதல் மூன்று மாதமும் பெரும் வேதனை. ஒருமுறை ஆசை தாங்காமல் தவறணைக்குள் போய்விட்டார். கடைக்காரர் வேறு ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்ததால், நின்று பார்த்து வெளியேறினார். அதன்பின் பையில் காசோடு நடப்பதையே விட்டார். மாலையில் பழைய கூட்டாளிகளைத் தவிர்த்து ஆலயத்தில் அமர்ந்தார். வேலைக்குமுன் விடியற்காலைத் திருப்பலி கண்டார். பட்ட கடன்களைத் தீர்த்தார். பிடில்காரரைத் தேடியும் காணாமல், அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

தனியாக அவர் வெல்லவில்லை. தாயின் சொல் இருந்தது; வழிகாட்டும் குரு இருந்தார்; 1890இல் சேர்ந்த பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையும் இருந்தது. மரக்காலையில் உழைத்து, மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்தார். 1925 யூன் 7, திரித்துவ ஞாயிறு, திருப்பலிக்குப் போகும் வழியில் விழுந்து இறந்தார். தவமாக அவர் உடலில் அணிந்திருந்த சங்கிலிகள் அப்போதுதான் தெரியவந்தன. அந்தத் தவத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. நாம் கற்கவேண்டியது, 40 ஆண்டுகளுக்கு மேல் ஒரு துளியும் தொடாத அந்த விடாமுயற்சியையே. 1975இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

அவர் இறந்து பத்து ஆண்டுகளின்பின், 1935இல், அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சனும் வைத்தியர் பொப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒருவர் கதையை மற்றவர் கேட்க, இருவரும் மீண்டார்கள். அதுவே உலகெங்கும் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் பிறப்பு. அந்நகரின் புனித தோமா வைத்தியசாலையில் அருட்சகோதரி இக்னேசியா இந்நோயாளர்களை ஏற்றுப் பராமரித்தார். இக்கூட்டங்களில் கட்டணமில்லை; முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை; குடியை விடும் விருப்பம் ஒன்றே போதும். இலங்கையிலும் இவை நடைபெறுகின்றன. குடிப்போரின் குடும்பத்தினருக்கும் 1951 முதல் தனி அமைப்பு உண்டு.

சகோதரரே, கூட்டம் எங்கே என்று கேட்க வெட்கப்படாதீர்கள். தவறணைக்கு வழி கேட்க நாம் வெட்கப்பட்டதில்லையே! பங்குக் குருவிடம் கேளுங்கள், வைத்தியரிடம் கேளுங்கள். நாள் தவறாமல் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். ஆகவே முதலில் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அருகில் கூட்டம் இல்லையென்றால், மனமுள்ள இருவர் ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஆலய அறையில் அமர்ந்தாலும் தொடக்கம்தான். அக்ரனிலும் இருவரே இருந்தனர்.

தாய்மாரே, திரும்பி வருகிறவரைப் பழைய கதை சொல்லிக் குத்தாதீர்கள். இன்றிரவு குடும்பச் செபமாலையில், மத்தேயு டால்பொட்டின் பரிந்துரையை நாடி, உங்கள் லயத்தில் குடியோடு போராடும் ஒருவருக்காக ஒரு மணியாவது செபியுங்கள்.