நடிகையர் திலகம் சாவித்திரி: உருவமும் ஊர்வாயும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர்களிலும், செஞ்சியை அடுத்த மேலச்சேரி போன்ற பழம்பதிகளிலும் திரௌபதியம்மன் திருவிழாவின்போது இரவு முழுவதும் பாரதக் கூத்து நிகழும். பாஞ்சாலியாக வேடம் புனைபவர் ஆண்மகனே. பகலில் ஏர் பிடித்த கை, அகன்ற தோள், கட்டைக் குரல், அரிதாரத்தையும் மீறித் தெரியும் மீசை மழித்த தடம் ஆகிய யாவும் விளக்கொளியில் வெளிப்படையாகவே இருக்கும். ஆயினும் துகிலுரியும் கட்டம் வந்ததும் கூத்து நிறுத்தப்பட்டுக் கற்பூரம் ஏற்றப்படும், பெண்கள் கைகூப்புவர், சிலர் மருள் வந்து ஆடுவர். பாஞ்சாலியின் இடை பருத்திருக்கிறது என்று அவையில் ஒருவரும் குறை சொல்வதில்லை. அவர்கள் காண்பது வேடத்தையன்று, பாத்திரத்தை.

இதே மக்கள்தாம் அறுவடை முடிந்த நாள்களில் டூரிங் டாக்கீசின் மணல் தரையில் அமர்ந்து திரைப்படம் பார்த்தனர். அங்கே அவர்களின் கண் வேறொன்றைப் பழகிக்கொண்டது. அண்மைக் காட்சியில் முகம் இருபதடி அகலத்துக்கு விரிகையில் கன்னத்தின் சதையும் கழுத்தின் மடிப்பும் எண்ணிப் பார்க்கத்தக்கவை ஆயின. நடிப்பை எடைபோட வேண்டியவர்கள் நடிகையை எடைபோடத் தொடங்கினர். அந்த அளவுகோலுக்கு மிகுதியும் இரையானவர் நடிகையர் திலகம் என்று போற்றப்பெற்ற சாவித்திரி அம்மையார்.

ஆந்திர நாட்டுக் குண்டூர் மாவட்டத்துச் சிற்றூரான சிர்ராவூரில் பிறந்தவர் அவர். தந்தையைப் பால்மணம் மாறாப் பருவத்திலேயே இழந்தார். தாயின் உடன்பிறந்தாளுடைய கணவர் கொம்மாரெட்டி வெங்கடராமய்யாவின் அரவணைப்பில் விஜயவாடாவில் வளர்ந்து நடனம் பயின்று நாடக மேடை ஏறினார். பெரியப்பாவே அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தார். 1949இல் 'அக்னிபரீட்சை' என்னும் தெலுங்குப் படத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டும் தோற்றம் இன்னும் முதிரவில்லை என்று விலக்கப்பட்டார். அவர் உடல்மீது திரையுலகம் வழங்கிய முதல் தீர்ப்பு, சிறியது என்பதே. பின்னாளில் அதே உடலைப் பெரியது என்றனர். இறுதியில் வற்றியது என்றனர். பொருத்தம் என்று சொல்லப்பட்ட காலம் இடையே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லை.

1950இல் வெளிவந்த 'சம்சாரம்' படத்தில் கிடைத்த பெரிய வாய்ப்பும், கதைத்தலைவர் நாகேஸ்வர ராவின் எதிரே நின்ற படபடப்பில் கைநழுவிச் சிறு வேடமாகச் சுருங்கிற்று. அடுத்த ஆண்டு 'பாதாள பைரவி'யில் ஒரு நடனம். 1952இல் 'கல்யாணம் பண்ணிப்பார்', 1953இல் 'தேவதாஸ்' என்று ஏணிப்படிகள் தென்பட்டன. தேவதாசின் பார்வதியாக அவர் நின்ற நிலையைக் கண்டவர்கள், அழுவதற்கு உரத்த குரல் தேவையில்லை என்பதை முதன்முறையாக உணர்ந்தனர் எனலாம்.

1955இல் 'மிஸ்ஸியம்மா' வந்தது. தலைவி வேடம் முதலில் பானுமதி அம்மையாருக்கு உரியதாக இருந்தது. சாவித்திரிக்கு ஒதுக்கியிருந்ததோ தங்கை வேடம். பானுமதி விலக நேர்ந்ததும் இவர் அவ்விடத்திற்கு உயர்ந்தார். வெடுக்கெனச் சினந்து, சினந்த கணமே தன் சினத்தை எண்ணித் தயங்கும் மேரியை அவர் கண் இமைகளைக் கொண்டே படைத்துக் காட்டினார்.

ஆனால் அவருடைய உடல் எத்தகைய கருவி என்பதை மெய்ப்பித்தது 1957இன் 'மாயாபஜார்'. தமிழில் வத்சலா, தெலுங்கில் சசிரேகா. கடோற்கசன் மாயத்தால் அப்பெண்ணின் உருவங்கொண்டு அரண்மனைக்குள் புகுகிறான். ரங்காராவ் என்னும் மலையனைய நடிகரின் நடையையும், தோள் குலுக்கலையும், புருவ நெறிப்பையும் ஒரு கன்னிப்பெண்ணின் மேனியில் ஏற்ற வேண்டும். மறுநொடி தன்னை மறைத்து நாணவும் வேண்டும். கூத்தில் ஆண் பெண்ணாவது வழக்கம். இங்கே பெண், ஆணாகிப் பின் அவ்வாண் பெண்ணாக நடிப்பதையும் நடித்தார். அதை ஒரு மெலிந்த பொம்மையால் செய்திருக்க இயலாது. தோளில் வலிமையும் காலூன்றலில் கனமும் உள்ள உடலே அதற்கு வேண்டும்.

இல்லறம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெமினி ஸ்டூடியோவில் நடிகர் தேர்வுப் பிரிவில் பணியாற்றியவர் ராமசாமி கணேசன். பின்னாளில் ஜெமினி கணேசன் எனப் புகழ்பெற்றவர். ஏற்கெனவே மணமானவர். இருவரும் 1952இல் மறைவாக மணம் புரிந்துகொண்டனர். அம்மணம் ஊரறியப் புலப்பட்டது ஒரு சோப்பு விளம்பரத்தால். லக்ஸ் விளம்பரத்திற்குக் கையொப்பம் இட்டபோது கணவர் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார். மேனி எழிலுக்குச் சான்றாக அவர் முகத்தை அச்சிட்ட தாளே அவர் வாழ்வின் மறையையும் வெளியிட்டது. அன்றுமுதல் அவர் தோற்றமும் மனையறமும் ஒன்றாகவே பேசுபொருள் ஆயின.

1960இல் 'களத்தூர் கண்ணம்மா', 1961இல் 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 1962இல் 'பார்த்தால் பசி தீரும்', 1963இல் 'கற்பகம்', 1964இல் 'கர்ணன்' என வந்தவை தமிழர் இல்லந்தோறும் அறிந்தவை, விரித்துரைக்க வேண்டுவதில்லை. 'பாசமலர்' பற்றி ஒன்று மட்டும். இராதாவாக வந்த சாவித்திரி அதில் மெல்லியலாள் அல்லர். தாய்மையும் தங்கைமையும் ஏறிய நிறைந்த உருவம். அந்நிறைவே அண்ணனின் தளர்வைத் தாங்கும் தூணாக நின்றது. அன்று அதனை எவரும் குறையாகச் சொல்லவில்லை. மங்கலம் என்றே சொன்னார்கள்.

அவ்வாண்டுகளிலேயே எள்ளலும் முளைவிட்டது. திரைப்பட இதழ்களின் கிசுகிசுப் பத்திகளிலும், கொட்டகை வாயில்களிலும், தேநீர்க் கடைகளிலும் அவர் பருமன் நகைப்புக்கு உரியதாயிற்று. தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் வகுத்தார். 1964இன் 'கை கொடுத்த தெய்வம்' படத்தில் கோகிலாவாக வந்த சாவித்திரி பேதைமையும் மடனும் நிலைக்களனாக நகையை எழுப்பினார். சூதறியாது பேசும் அப்பெண்ணுக்கு ஊர் பழி சூட்டுகிறது. திரைக்குள் அவ்வூர்வாயைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் திரைக்கு வெளியே நான்கனுள் முதலாவதையே கைக்கொண்டனர்.

இந்த எள்ளலுக்குக் கவிஞர்களும் ஓரளவு பொறுப்பேற்க வேண்டும். கேசாதிபாதமும் பாதாதிகேசமும் பாடிய மரபு நம்முடையது. இடையைக் கொடி என்றும் மின்னல் என்றும் சொல்லி, இல்லை என்றே மறுக்கும் அளவுக்குச் சென்றது அது. இலக்கியத்தில் அது உயர்வுநவிற்சி. கேட்போருக்கும் அது தெரியும். திரைப்பாடல்கள் அவ்வுவமைகளை அப்படியே எடுத்துக்கொண்டபோது எதிரே ஒரு மெய்யான பெண் நின்றாள். உவமேயத்தை உவமானத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுவது எளிதாயிற்று. தவறு உவமையில் இல்லாமல் இருக்கலாம். அதைத் துலாக்கோலாக்கிக் கையில் தந்ததில் இருந்தது.

அதே 1964இல் வெளிவந்த 'நவராத்திரி'யை நினைப்போர் அனைவரும் ஒன்பது வேடம் தாங்கிய சிவாஜி கணேசனையே நினைப்பர். அவருக்கு நூறாவது படமும் அதுவே. பெயரின் முதலெழுத்தில் விழுப்புரத்தைத் தாங்கியவர் என்பதால் இப்பகுதியினருக்கு அவரிடம் தனி உரிமையும் உண்டு. ஆனால் ஒன்பது சுவைக்கும் ஈடுகொடுத்த நளினா ஒருத்தியே. வேடம் மாற்றும் வசதி அவருக்கு இல்லை. எதிரில் அச்சம் வந்தால் அச்சத்திற்கும், அருவருப்பு வந்தால் அருவருப்பிற்கும் அதே முகத்தால் மறுமொழி தர வேண்டும். அப்படத்தில் கூத்தர் சத்தியவான் சிங்காரத்தோடு அவரும் கூத்துக் களரியில் இறங்குகிறார். அடவும் பாட்டும் கிண்டலுமாக அவர் ஆடிய அக்காட்சியில் பெண் தன் உடலோடு கூத்து மேடையில் நிற்கிறாள். கூத்தறிந்த இந்த மண்ணில் அதற்கு எழுந்த ஆரவாரம் வெறும் நட்சத்திர மயக்கத்தால் எழுந்ததன்று.

1965இல் பாகிஸ்தானுடன் போர் நிகழ்ந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் போர் நிதிக்காகத் தாம் அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். கொடைக்கு அவர் கணக்கு வைத்ததில்லை. பின்னாளில் வந்த வறுமைக்கு அதுவும் ஒரு காரணம்.

1968இல் 'சின்னாரி பாப்பலு' என்னும் தெலுங்குப் படத்தை இயக்கினார். கதை சரோஜினி, இசை லீலா என்று பெரும்பாலும் பெண்களே கூடி உருவாக்கிய படம் அது. மறு ஆண்டு அதனைத் தமிழில் 'குழந்தை உள்ளம்' ஆக்கினார். ஒளிக்கருவியின் முன் அளக்கப்பட்ட பெண் அதன் பின்னே சென்று நின்றது இந்தியத் திரையுலகில் அரிய நிகழ்ச்சி. அம்முயற்சி பெற வேண்டிய ஆராய்ச்சியை இன்றளவும் பெறவில்லை. அவர் வாழ்வைக் கூறுவோர் மணமுறிவையும் மதுவையும் விரித்த அளவில் நூற்றிலொரு பங்கேனும் இதனை விரிக்கவில்லை.

1971இல் 'பிராப்தம்' வந்தது. ஏழாண்டுக்கு முன் தெலுங்கில் வெற்றிகண்ட 'மூக மனசுலு' கதையையே அவர் தமிழில் தயாரித்து, இயக்கி, அன்று ஏற்ற தலைவி வேடத்தையே மீண்டும் ஏற்றார். உடன் நடித்தவர் சிவாஜி. படம் பெருந்தோல்வி கண்டது. கடன், வரித்துறையின் நெருக்கடி, ஹபிபுல்லா சாலை வீட்டின் இழப்பு, கணவரிடமிருந்து பிரிவு, குடிப்பழக்கம், நீரிழிவு என ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. இவற்றுள் எது முதல், எது முடிவு என்று பிரிப்பது அரிது. உடல் பருத்ததனால் வாய்ப்புக் குறைந்தது என்று எழுதுவது மட்டும் எளிது. ஆகவே அதையே எழுதினர். அதே படத்தில் உடன் நடித்த நாயகருக்கும் மேனி பருத்தே இருந்தது. அவரோ மேலும் பத்தாண்டுகளுக்கு மேல், தம்மினும் ஒரு தலைமுறை இளைய தலைவியரோடு நாயகராகவே நடித்தார். இவருக்குக் கிடைத்தவை தாய் வேடமும் சிறு வேடமும். 1979இல் 'கோரிண்டாகு' போன்ற தெலுங்குப் படங்களில் அவரைக் கண்டோர், அவர் என்ன செய்தார் என்பதை விட்டு எப்படி ஆகிவிட்டார் என்றே பேசினர்.

1980 மே மாதம் படப்பிடிப்பிற்காகப் பெங்களூர் சென்ற இடத்தில் நினைவிழந்தார். பத்தொன்பது மாதங்கள் நினைவு திரும்பவில்லை. பருமனுக்காக எள்ளப்பட்ட உடல் எலும்பும் தோலுமாக வற்றியது. அந்நிலையில் எடுக்கப்பட்ட படம் இன்றும் கைக்குக் கை மாறுகிறது. மூப்பும் பிணியும் இளிவரலுக்கு நிலைக்களன் என்று இலக்கணம் சொல்லும். அவ்விலக்கணம் மேடைக்கும் பாட்டுக்கும் எழுதப்பட்டது. மருத்துவமனைக் கட்டிலில் நினைவின்றிக் கிடந்தவளுக்கு அன்று. படம் எடுக்க இசைவு தரவோ மறுக்கவோ அவரால் இயலவில்லை. 1981 டிசம்பர் 26 அன்று சென்னையில் உயிர் பிரிந்தது. வயது ஏறத்தாழ 46. ஏறத்தாழ 250 படங்கள்.

2018இல் அவர் வாழ்வு தெலுங்கில் 'மகாநடி' எனவும் தமிழில் 'நடிகையர் திலகம்' எனவும் திரைப்படமாயிற்று. அவர் வேடம் ஏற்ற கீர்த்தி சுரேஷுக்குப் பின்வரும் காலத்துப் பருமனைக் காட்ட ஒப்பனை தேவைப்பட்டது; அவ்வொப்பனை பாராட்டும் பெற்றது. நடிகைக்கும் படத்திற்கும் தேசிய விருது கிடைத்தது.

அவர் மறைந்த நான்காம் ஆண்டில், 1985இல், பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' வெளிவந்தது. தளர்ந்த உடலும் தொங்கும் கன்னமுமாக ஊர்ப் பெரியவர் வேடத்தில் சிவாஜி தோன்றினார். திறனாய்வாளர்கள் அவ்வுடலை இயல்பு என்றும் முதிர்ச்சி என்றும் போற்றினர். போற்றியது சரியே. அப்போது அவருக்கு வயது 56. சாவித்திரி அவரினும் ஏழெட்டு ஆண்டு இளையவர்.