உடைக்காமல் உள்ளே பார்த்தவர்



எக்ஸ்ரே என்றதும் ஆஸ்பத்திரியும் உடைந்த எலும்பும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன், மெக்கானிக்கல் படிக்கும் என் போன்றவர்களுக்கு ரொம்ப நெருக்கமானவர். ஏன் தெரியுமா? அவரும் ஒரு பாலிடெக்னிக் மாணவர், அதுவும் மெக்கானிக்கல்!

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் 1845 மார்ச் 27-ல் ஜெர்மனியின் லென்னெப் என்ற ஊரில், ஒரு துணி வியாபாரியின் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். மூன்று வயதில் குடும்பம் ஹாலந்துக்குக் குடிபெயர்ந்தது. உட்ரெக்ட் தொழில்நுட்பப் பள்ளியில் படிக்கும்போது வந்தது வினை. ஆசிரியரைக் கேலி செய்து எவனோ படம் வரைந்தான். வரைந்தது யார் என்று கேட்டபோது ராண்ட்ஜன் காட்டிக் கொடுக்கவில்லை. பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள்! கையில் பள்ளிச் சான்றிதழ் இல்லை. பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை.

அவரைச் சேர்த்துக்கொண்டது ஜூரிச் பாலிடெக்னிக். 1865-ல் சேர்ந்து 1868-ல் மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கினார். அடுத்த ஆண்டே டாக்டர் பட்டம்! அப்படியும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பழைய சான்றிதழைக் காரணம் காட்டி அவருக்கு இடம் மறுத்தது. அதே பல்கலைக்கழகம்தான் 1888-ல் பேராசிரியராக வாங்க என்று அழைத்தது.

1895 நவம்பர் 8 மாலை, அங்கே இருட்டாக்கிய ஆய்வகத்தில், கறுப்பு அட்டையால் மூடிய குழாயில் மின்சாரம் பாய்ச்சினார். சற்றுத் தள்ளியிருந்த ரசாயனம் பூசிய திரை மினுமினுத்தது. ஏழு வாரம் சோதித்துப் பார்த்து, டிசம்பர் 28-ல் கட்டுரை கொடுத்தார். மனைவியின் கை எலும்புப் படம் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தக் கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது: உள்ளே சீரில்லாத ஓர் உலோகத் துண்டின் படத்தைப் பற்றிய குறிப்பு. தொழிற்சாலையின் எக்ஸ்ரே சோதனைக்கு அதுதான் பிள்ளையார் சுழி!

வார்ப்பில் ப்ளோ ஹோல் இருந்தால் அங்கே உலோகம் குறைவு. கதிர் அதிகமாகக் கடக்கும். பிலிமில் அந்த இடம் கறுப்பாக விழும். எக்ஸ்ரே பிலிம் நம்ம ஊட்டியிலேயே தயாரானது. 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கியது. வெளிச்சம் பட்டால் வீணாகும் சரக்கு. எனவே இருட்டிலேயே வேலை பார்த்தார்கள். இன்று அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. பிலிம் செய்த வேலையில் பெரும்பகுதியை இப்போது டிஜிட்டல் டிடெக்டர் செய்கிறது.

படம் கம்ப்யூட்டருக்குள் புள்ளி புள்ளியாகப் போகும். 8 பிட் படமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். நல்ல வார்ப்பின் படத்தைப் புதுப் படத்திலிருந்து கழித்தால் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அது வைத்த எல்லையைத் தாண்டினால், மெஷினே அந்த வார்ப்பை ஒதுக்கிவிடும். டீ ஃபேக்டரியில் கலர் சார்ட்டர் செய்வதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அங்கே எக்ஸ்ரேக்குப் பதில் கேமரா. தூளில் வெளிறித் தெரியும் காம்பையும் நாரையும் காற்று ஊதித் தள்ளிவிடும்.

சரி, எல்லையை எங்கே வைப்பது? இறுக்கி வைத்தால் நல்ல சரக்கும் கழிவாகும். தளர்த்தி வைத்தால் ஓட்டை விழுந்த வார்ப்பு ஏதோ ஒரு வண்டியின் பிரேக்கில் போய் உட்காரும். கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பஸ்ஸில் இறங்கும் நமக்கு அதை விளக்க வேண்டுமா? அந்த எல்லையைக் குறிப்பது மெஷின் அல்ல, மனிதன். நாளை அந்த இடத்தில் நிற்கப் போவது நம்மில் ஒருவராக இருக்கலாம்.

1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு ராண்ட்ஜனுக்குக் கிடைத்தது. பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். காப்புரிமையும் வாங்கவில்லை, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று விட்டுவிட்டார். முதல் உலகப் போருக்குப் பின் வந்த விலையேற்றத்தில் சேமிப்பெல்லாம் கரைந்தது. 1923 பிப்ரவரி 10-ல் மியூனிக்கில் காலமானார்.

டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகக் கேட்டால், ராண்ட்ஜனின் பெயரைச் சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல், அவரைப் போல உள்ளே இருப்பதையும் பார்க்கப் பழகுவோம்!